வெள்ளை மயக்கம் - ஒரே பனியில் சறுக்கியவர்களின் கதை

ஒரு சினிமா. 1931 டிசம்பரில் வந்தது. வில்லன் கிடையாது, காதல் தோல்வி கிடையாது, கதை என்று சொல்லிக்கொள்ளக்கூட பெரிசாக ஒன்றும் கிடையாது. பனிமலையில் ஆட்கள் சறுக்குகிறார்கள், விழுகிறார்கள், சிரிக்கிறார்கள், எழுந்து மறுபடி சறுக்குகிறார்கள். அவ்வளவுதான் படம். பேரு 'டெர் வைஸே ரவுஷ்'. தமிழில் 'வெள்ளை மயக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படத்தைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் படம் இல்லை. படத்தின் டைட்டில் கார்டு. அதில் வருகிற பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அடுத்த பத்து வருஷத்தில் அந்த மனுஷன் எங்கே போனான், என்ன ஆனான் என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒருத்தர் ஹிட்லருக்குப் படம் எடுத்தார். ஒருத்தர் ஹிட்லரின் ஒலிம்பிக்ஸில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஒருத்தர் ஜெயிலுக்குப் போனார். ரெண்டு பேர் நாட்டை விட்டே ஓடவேண்டி வந்தது. எல்லாரும் ஒரே பனியில், ஒரே கேமரா முன்னால், ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள்!

சரி, முதலில் கொஞ்சம் முன்கதை.

ஆர்னால்ட் ஃபாங்க் என்று ஒரு ஜெர்மன்காரர். 1889ல் பிறந்தவர். படித்தது நிலவியல், டாக்டர் பட்டம் வாங்கினவர். சின்ன வயசில் ஆஸ்துமா தொந்தரவு. சுவிட்சர்லாந்து மலைக்காற்றில்தான் உடம்பு தேறினார். அதிலிருந்து மனுஷனுக்கு மலைப் பைத்தியம். அந்தக் காலத்தில் ஜெர்மன் சினிமா என்றால் ஸ்டூடியோ சினிமா. காடு, கோட்டை, தெரு எல்லாம் அட்டையிலும் மரத்திலும் செட் போட்டு எடுப்பார்கள். இவர் என்னடாவென்றால் கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார். ஃப்ரைபுர்க் நகரில் நண்பர்களோடு சேர்ந்து 1920ல் ஒரு சின்ன கம்பெனி ஆரம்பித்து 'பனிச்சறுக்கின் அற்புதம்' என்று ஒரு படம் எடுத்தார். விநியோகஸ்தர்கள் யாரும் சீந்தவில்லை. அவரே ஹால் வாடகைக்கு எடுத்து ஓட்டினார். கூட்டம் அள்ளியது.

இவருடைய ரகசியம் ரொம்ப சிம்பிள். நடிகனுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுப்பதைவிட, பனிச்சறுக்கு வீரனை நடிக்கவைப்பது சுலபம். கேமராமேனும் அதே மாதிரிதான். கையில் கேமராவோடு சரிவில் சறுக்கிக்கொண்டே படம் பிடிக்கத் தெரிந்தவன்தான் வேண்டும். சூரியனுக்கு எதிராக கேமராவை வைத்து, ஸ்கீ கட்டைகள் கிளப்புகிற பனித்தூளை ஸ்லோ மோஷனில் காட்டினார் பாருங்கள், அது இன்றைக்கும் பார்க்க அழகு. கிராபிக்ஸ் ஒன்றும் கிடையாது.

அப்படி அவர் கண்டுபிடித்த முதல் பெரிய 'ஸ்டார்' ஹன்னஸ் ஷ்னைடர்.

ஷ்னைடர் 1890ல் ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியில் ஸ்டூபன் என்கிற குக்கிராமத்தில் பிறந்தவர். 1907ல் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஆன்டன் ஊரில் ஒரு ஹோட்டலில் வந்து தங்குகிறவர்களுக்கு ஸ்கீ சொல்லித்தர வேலைக்குச் சேர்ந்தார். முதல் உலகப்போரில் ஆஸ்திரிய ராணுவத்தின் மலைப்படைக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கேதான் ஒரு விஷயம் பிடிபட்டது. நூறு பேருக்கு ஒரே நேரத்தில், சீக்கிரமாக, எலும்பு முறியாமல் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வரிசை வேண்டும்.

அந்த வரிசைதான் ஆர்ல்பெர்க் முறை. முதலில் ரெண்டு ஸ்கீ கட்டைகளையும் முன்பக்கம் நெருக்கி, பின்பக்கம் விரித்து, கூரை மாதிரி வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கணும். இது பிரேக். அடுத்து, உடம்பின் எடையை ஒரு காலுக்கு மாற்றினால் திரும்பலாம் என்று பழகணும். அது வந்தபிறகு, திரும்பும்போது விரித்து ஆரம்பித்து, கடைசியில் ரெண்டு கட்டைகளையும் இணையாகச் சேர்த்து முடிக்கணும். உடம்பை நன்றாகக் குனிந்து தாழ்த்தி வைத்துக்கொள்ளணும். கற்றுக்கொள்ள வருகிறவர்களைத் திறமைப்படி வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒன்றில் தேறினால்தான் அடுத்தது. இன்றைக்கும் பனிமலைக்குப் போய் முதல் நாள் ஸ்கீ கட்டிக்கொள்கிறவருக்கு அந்தக் கூரை மாதிரி நிற்பதைத்தான் பெரும்பாலும் முதல் பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். பணக்காரர்களின் சாகசமாக இருந்ததை, எல்லாரும் பழகக்கூடிய விளையாட்டாக மாற்றியவர்களில் முக்கியமானவர் இவர். 1925ல் ஃபாங்க்கும் இவரும் சேர்ந்து படங்களோடு ஒரு புத்தகமே போட்டார்கள். 1930ல் ஜப்பானே கூப்பிட்டு பாடம் கேட்டது.

இப்போது 'வெள்ளை மயக்க'த்துக்கு வருவோம். எடுத்தது செயின்ட் ஆன்டன் பக்கத்தில்தான். ஹீரோ ஷ்னைடர். அவரிடம் ஸ்கீ கற்றுக்கொள்ள வரும் பெண்ணாக லெனி ரீஃபன்ஸ்டால். புத்தகத்தைப் படித்து ஸ்கீ கற்றுக்கொள்ளலாம் என்று வந்து சிரிப்பாய்ச் சிரிக்கிற ஹாம்பர்க் தச்சர்கள் ரெண்டு பேர். ஒருத்தர் தென்னைமரம் மாதிரி நெட்டை, பேரு வால்டர் ரிம்ல். இன்னொருத்தர் குட்டை, பேரு குஸ்தாவ் லான்ட்ஷ்னர், செல்லமாக 'கூஸி'. லாரல் ஹார்டி ஜோடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சறுக்கு வீரர்கள் கூட்டத்தில் ஷ்னைடர் பள்ளியின் பயிற்சியாளர் ரூடி மட். இசை பவுல் டெசாவ். தயாரிப்பு ஹாரி சோகால்.

இதில் வேடிக்கை, விழுந்து விழுந்து சிரிக்கவைக்கிற அந்தக் கூஸி உண்மையில் உலகத்தின் அதிவேக சறுக்கு வீரர்களில் ஒருத்தர். 1930ல் செயின்ட் மோரிட்ஸில் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் போய் சாதனை செய்தவர். படம் வந்த மறு வருஷம், 1932ல், இத்தாலியின் கார்ட்டினாவில் உலக சாம்பியன்ஷிப் டவுன்ஹில் பந்தயத்தில் தங்கம். அவ்வளவு நன்றாகச் சறுக்கத் தெரிந்தவனால்தான் அவ்வளவு அழகாக விழவும் முடியும் :-)

படத்தின் கடைசிப் பகுதி ஒரு 'நரி வேட்டை'. ஷ்னைடரும் லெனியும் நரிகள். டஜன் கணக்கில் வீரர்கள் துரத்துகிறார்கள். ஒரு கும்பலே மலைச்சரிவில் பறவைக்கூட்டம் மாதிரி பிரிந்து சேர்ந்து பிரிந்து வருவது பார்க்கக் கண் போதாது. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒரே வருஷத்தில் அவர்கள் நாடுகளுக்கு என்ன வரப்போகிறது என்பதன் நிழல்கூட அந்தப் பனியில் இல்லை.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்தார்.

முதலில் காணாமல் போனது டைட்டில் கார்டின் ஓரத்தில் இருந்த பெயர்கள். இசையமைப்பாளர் டெசாவ் யூதர். அந்த வருஷமே பாரிஸுக்கு ஓடினார், 1939ல் அமெரிக்கா. பிற்பாடு பெர்டோல்ட் பிரெக்டோடு சேர்ந்து 'மதர் கரேஜ்' நாடகத்துக்கு இசையமைத்து, போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் பெரிய ஆளானார். தயாரிப்பாளர் சோகாலும் யூத வம்சம்தான். லெனி நாட்டியக்காரியாக இருந்த காலத்திலிருந்தே அவருக்குப் பணம் போட்டவர். அவரும் கிளம்பினார். கூஸியையும் ரிம்லையும் வைத்து கிரீன்லாந்தில் ஒரு காமெடி எடுத்த ஹங்கேரிக்காரர் ஆண்ட்ரூ மார்ட்டனும் யூதர், அவருக்கும் ஜெர்மனியில் இடம் இல்லை. 'பென்ஹர்' படத்தின் ரதப் பந்தயம் ஞாபகம் இருக்கா? 1959ல் அதை இயக்கிய கைகளில் முக்கியமான ஒன்று இந்த மார்ட்டனுடையது. ஜெர்மனிக்கு நஷ்டம், ஹாலிவுட்டுக்கு லாபம்.

சரி, லெனி?

லெனி ரீஃபன்ஸ்டால் 1902ல் பெர்லினில் பிறந்தவர். நாட்டியக்காரி. முழங்காலில் அடிபட்டு டாக்டரைப் பார்க்கப் போகும்போது, சுரங்க ரயில் நிலையத்தில் ஃபாங்க்கின் மலைப்படப் போஸ்டரைப் பார்த்து அங்கேயே வாழ்க்கை திசை மாறியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஃபாங்க்கைத் தேடிப்போய் 1926ல் 'புனித மலை'யில் கதாநாயகி. பனிச்சறுக்கு, பாறை ஏறுவது எல்லாம் டூப் இல்லாமல் கற்றுக்கொண்டார். துணிச்சலில் யாருக்கும் குறைந்தவரில்லை. 1932ல் 'நீல ஒளி' என்ற படத்தை அவரே இயக்கினார். அதன் திரைக்கதையில் பாதி பங்கு பேலா பாலாஷ் என்ற ஹங்கேரிய எழுத்தாளருடையது. யூதர், கம்யூனிஸ்ட்.

அதே 1932ல் லெனி தானாகவே கடிதம் எழுதி ஹிட்லரைச் சந்தித்தார். அடுத்த வருஷம் பாலாஷ் தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டார். 1933 டிசம்பரில் லெனி ஒரு ஹோட்டலின் கடிதத்தாளில், இந்த விவகாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்தார். யாருக்குத் தெரியுமா? யூலியஸ் ஷ்ட்ரைஷர். யூத வெறுப்பையே தொழிலாக வைத்துப் பத்திரிகை நடத்தியவர், 1946ல் நியூரம்பெர்க்கில் தூக்கிலிடப்பட்டவர். 1938ல் படம் மறுபடி வெளியானபோது டைட்டில் கார்டில் பாலாஷ் பெயரும் இல்லை, சோகால் பெயரும் இல்லை.

லெனி பற்றிய வாதங்களில் எப்போதும் அவருடைய பிரச்சாரப் படங்களான 'மன உறுதியின் வெற்றி' (1935), 'ஒலிம்பியா' (1938) பற்றித்தான் பேசுவார்கள். கலையா, பிரச்சாரமா என்று. என்னைக் கேட்டால் அந்த ஒற்றைக் காகிதம் போதும். அதில் கலை ஒன்றும் இல்லை. கூட வேலை செய்தவனுக்குச் சேரவேண்டிய காசு, அவ்வளவுதான் விஷயம். போரின்போது அவர் எடுத்த 'டீஃப்லான்ட்' படத்துக்கு, சால்ஸ்பர்க் பக்கத்து மாக்ஸ்க்ளான் முகாமிலிருந்தும் பெர்லினின் மார்ட்ஸான் முகாமிலிருந்தும் ரோமா, சிந்தி மக்களைத் துணை நடிகர்களாகக் கொண்டுவந்தார்கள். அதில் பலர் பிறகு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். குழந்தைகளும் உண்டு.

இனி 1936. பவேரியாவில் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் என்கிற மலையூர். குளிர்கால ஒலிம்பிக்ஸ். ஆல்பைன் பனிச்சறுக்கு முதல் முறையாக ஒலிம்பிக்ஸில் சேர்க்கப்பட்ட வருஷம். ஆனால் ஸ்கீ சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் தொழில்முறை ஆட்கள், அவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஒலிம்பிக் கமிட்டி சொல்லிவிட்டது. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நல்ல வீரர்கள் எல்லாருமே பயிற்சியாளர்கள்தான். கிராமத்தில் பிறந்தவனுக்கு வேறு என்ன வேலை? ஆகவே ரூடி மட் மாதிரி ஆட்கள் வெளியே நிற்க, நாஜி ஆதரவாளராகி ஜெர்மனிக்குப் போயிருந்த இன்ஸ்ப்ரூக்காரர் கூஸி லான்ட்ஷ்னர் ஜெர்மனிக்காக இறங்கி வெள்ளி வாங்கினார். தங்கம் ஃப்ரான்ஸ் ஃபுனூர், அவரும் ஜெர்மனி. அதே பிப்ரவரி மாதம் இன்ஸ்ப்ரூக்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்லாலம் தங்கம் யாருக்கு? சாட்சாத் ரூடி மட்டுக்கு. அதே வருஷம் கோடையில் பெர்லின் ஒலிம்பிக்ஸில் லெனியின் கேமராமேன்களில் ஒருத்தராக கூஸி வேலை பார்த்தார். பழைய நட்பு!

ஷ்னைடர் இந்த ஆட்டத்துக்கு வரவில்லை. அவருக்கு நாஜிகளைப் பிடிக்காது, அதை மறைக்கவும் இல்லை. உலகப் புகழ் இருந்தது, செயின்ட் ஆன்டனில் செழிப்பான பள்ளி இருந்தது. ஊரோடு ஒத்துவாழ் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாமே தங்கியிருக்கும்.

1938 மார்ச்சில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. உடனேயே ஷ்னைடரைக் கைது செய்து லான்டெக் ஜெயிலில் போட்டார்கள். ஸ்லாலம் பந்தயத்துக்கு உருவம் கொடுத்தவர் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர். அவரும் ஷ்னைடரும் சேர்ந்து 1928ல் ஆரம்பித்த ஆர்ல்பெர்க்-கந்தஹார் பந்தயம் அந்த மார்ச்சில் செயின்ட் ஆன்டனில் நடக்க இருந்தது. ஷ்னைடர் இல்லாத செயின்ட் ஆன்டனில் பந்தயம் கிடையாது என்று லன் ரத்து செய்துவிட்டார். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று பேசுகிறவர்கள் இந்த மனுஷனை ஒரு தடவை நினைத்துப் பார்க்கணும்.

ஜெயிலிலிருந்து வெளியே வந்தபிறகும் ஊருக்குப் போக ஷ்னைடருக்கு அனுமதி இல்லை. வழக்கறிஞர் நண்பர் ஒருவர் பொறுப்பில் கண்காணிப்பில் இருந்தார். எந்த ஊரில்? கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில்! ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் படத்தின் கோமாளி பதக்கம் வாங்கிய அதே ஊரில், படத்தின் ஹீரோ கைதி.

அவரை மீட்டது ஒரு வங்கிக்காரர். ஹார்வி கிப்சன், நியூயார்க்கில் பெரிய வங்கியின் தலைவர். சொந்த ஊர் நியூ ஹாம்ப்ஷயரின் நார்த் கான்வே. அங்கே ஒரு மலையில் ஸ்கீ மையம் தொடங்கியிருந்தார். அமெரிக்க வங்கிகளுக்கு ஜெர்மனி திருப்பித்தரவேண்டிய கடன் விவகாரத்தில் கிப்சனுக்குக் குரல் இருந்தது. அந்தச் செல்வாக்கைப் பயன்படுத்தி ஷ்னைடரை வெளியே எடுத்தார். 1939 பிப்ரவரி 11, ஷ்னைடர் குடும்பத்தோடு நார்த் கான்வே ரயில் நிலையத்தில் இறங்கினார். ஊர்ப் பிள்ளைகள் ரெண்டு பக்கமும் நின்று ஸ்கீ கம்புகளைத் தூக்கிப் பிடித்து வளைவு கட்டி வரவேற்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. போருக்கு அவர் மகன் ஹெர்பர்ட் அமெரிக்காவின் பத்தாவது மலைப்படையில் சேர்ந்து இத்தாலியில் சண்டை போட்டார். ஷ்னைடர் 1955ல் நார்த் கான்வேயிலேயே காலமானார்.

ஆனால் எல்லாருக்கும் ஒரு கிப்சன் கிடைப்பதில்லையே.

செயின்ட் ஆன்டனில் ருடால்ஃப் கோம்பெர்ஸ் என்று ஒருவர் இருந்தார். வியன்னாக்காரர், இஞ்சினியர். 1905ல் அந்த ஊருக்கு வந்து, அங்கேயே தங்கி, ஸ்கீ கிளப்பை வளர்த்து, அது ஒரு சுற்றுலாத்தலமாக மாறுவதற்கு உழைத்தவர். படத்தில் நாம் பார்க்கிற அந்தக் கலகலப்பான ஊர், ஷ்னைடர் எவ்வளவு காரணமோ அவ்வளவு கோம்பெர்ஸும் காரணமாக உருவானது. அவர் யூத வம்சம். 1938க்குப் பிறகு முப்பது வருஷம் கூடப் பழகின ஊரில் அவர் யாரோவாகிப் போனார். 1942 மே மாதம் பெலாரஸின் மாலி ட்ராஸ்ட்யனெட்ஸுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். எந்த டைட்டில் கார்டிலும் இல்லாத பெயர். இந்தப் பதிவை எழுதும்போது என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது இவர்தான்.

இயக்குநர் ஃபாங்க்? அவர் நாயகனும் இல்லை, வில்லனும் இல்லை. முதலில் ஒதுங்கிப் பார்த்தார், வாய்ப்புகள் சுருங்கின. ஜப்பானுக்குப் போய் 1937ல் ஒரு படம் எடுத்துவந்தார். 1940ல் நாஜி கட்சியில் சேர்ந்தார். போருக்குப் பிறகு படம் கிடைக்காமல் காட்டுவேலைக்குப் போய்ப் பிழைத்தார். 1974ல் காலமானார்.

இங்கே ஒரு வாதத்தைச் சொல்லியாகணும். ஜெர்மனியிலிருந்து தப்பியோடிய விமர்சகர் சீக்ஃப்ரீட் கிராகவர் 1947ல் ஒரு புகழ்பெற்ற புத்தகம் எழுதினார். இந்த மலைப்படங்களிலேயே நாஜித்தனத்தின் விதை இருந்தது என்பது அவர் கட்சி. மலையை வழிபடுவது, மேகங்களுக்கு மேலே நிற்கும் வீரன், கேள்வி கேட்காத பரவசம்... லெனியின் 1935 படம் மேகங்களுக்கு நடுவே பறந்துவரும் ஹிட்லரின் விமானத்தோடுதான் ஆரம்பிக்கிறது. அதன் தலைமைக் கேமராமேன் செப் ஆல்கையர், ஃபாங்க்கிடம் தொழில் பழகினவர். கிராகவர் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனால் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. 1931ல் ஃபாங்க்கின் படங்களை ஆதரித்து எழுதினவர் யார்? கம்யூனிஸ்ட் பேலா பாலாஷ்! அந்தப் பரவசத்துக்கு மெட்டுப் போட்டவர் டெசாவ். பணம் போட்டவர் சோகால். அந்தப் பரவசத்தின் முகமாகவே இருந்த ஷ்னைடர் ஜெயிலுக்குப் போனார். மலைதான் மனுஷனை நாஜி ஆக்கியது என்றால் ஷ்னைடர்தானே முதல் நாஜி ஆகியிருக்கணும்? பனி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சறுக்கியது. இறங்கும் பாதையை அவரவர் தேர்ந்தெடுத்தார்கள். மலைமேல் பழி போட்டால் மனுஷன் தப்பித்துக்கொள்வான் என்பது என் பயம்.

போருக்குப் பிறகு லெனியைப் பல தடவை விசாரித்தார்கள். கடைசித் தீர்ப்பு 'மிட்லாய்ஃபர்'. கூடவே ஓடினவர் என்று அர்த்தம். பெரிய தண்டனை ஒன்றும் இல்லை. 2003ல், 101 வயசில் இறக்கும்வரை, நான் அரசியல் தெரியாத கலைஞி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கூஸி அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே மலையில் வாழ்ந்து, பிற்பாடு ஜெர்மனி திரும்பி, 2011ல் நூறு வயசில் காலமானார். கோம்பெர்ஸுக்கு அறுபத்து நாலு.

கூட ஓடுவது என்பது ஒன்றும் பெரிய பாவமாகத் தோன்றாது. எல்லாரும் ஓடுகிறார்கள், நாமும் ஓடுகிறோம். யார் விழுந்தார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் அதில் கஷ்டமான பகுதி. லெனிக்கு அது எழுபது வருஷம் முடிந்தது. ஆர்னால்ட் லன்னால் ஒரு பந்தய நாள்கூட முடியவில்லை. கிராகவர் சொன்னதுதான் சரி, நீ படத்தை ரசித்துவிட்டு அதற்கு வக்காலத்து வாங்குகிறாய் என்று நினைக்கிறவர்கள் இருந்தால் தாராளமாக வந்து சண்டை போடுங்கள், பேசுவோம்.

கொசுறு: இதே ஃபாங்க் கோஷ்டியின் இன்னொரு பெரிய நடிகர் லூயிஸ் ட்ரெங்கர். 1924ல் ஷமோனி குளிர்கால ஒலிம்பிக்ஸில் இத்தாலியின் பாப்ஸ்லெட் அணியில் இருந்தவர். ஹிட்லருக்கும் முசோலினிக்கும் நடுவில் அவர் சறுக்கின சறுக்கு தனி ஆட்டம். அதை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்வோம்.